லாகோஸுக்குப் படம் காட்டிய செனட்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போன யாழ்ப்பாணத்து ஆசிரியர்களில் எங்கள் புவியியல் மாஸ்ரரும் ஒருவர். அவர் காட்டிய வழியில், கணக்காளர் வேலைக்கென்று பின்னாளில் நானும் லாகோஸ் போய்ச் சேர்ந்தேன். இந்தச் சிறப்பு மலருக்கு அந்த ஊரைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டபோது, முதலில் ஞாபகம் வந்த பெயர் பென் மரே-புரூஸ்.

1956இல் லாகோஸில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து 1980இல் சில்வர்பேர்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். இசை நிகழ்ச்சி, அழகிப் போட்டி, அப்புறம் வானொலி, தொலைக்காட்சி என்று அது வளர்ந்தது. 2001இல் உலக அழகியான அக்பானி டாரேகோ இவர்களுடைய போட்டியில் வென்று போனவர்தான். இடையில் 1999 முதல் 2003 வரை அரச தொலைக்காட்சிக்கும் இவரே தலைமைப் பணிப்பாளர்.

ஆனால் லாகோஸ்காரர் அவரை நினைப்பது சினிமாவுக்காக. பழைய தியேட்டர்கள் பல மூடப்பட்டு, தேவாலயமாகவும் பண்டகசாலையாகவும் மாறிவிட்டிருந்தன. நொலிவூட் எனப்படும் நைஜீரியப் படமென்றால் வீட்டில் கசெற் போட்டுப் பார்ப்பதுதான். 2004இல் விக்டோரியா தீவில் சில்வர்பேர்ட் கலேரியா திறந்தது. சனிக்கிழமை பின்னேரம் உள்ளே போனால் ஏசிக் குளிரும் பொப்கோர்ன் வாசமும். கதவைத் தாண்டினால் மறுபடி ஜெனரேற்றர் புகையும் ஒக்காடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிள்களின் ஹோர்னும். குடும்பம் குடும்பமாக, கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வருவார்கள்.

2015இல் பயெல்சா மாநிலத்தின் கிழக்குத் தொகுதியிலிருந்து செனட்டர் ஆனார். டுவிட்டரில் 'காமன் சென்ஸ்' பேசியே பேர் வாங்கினார். உள்ளூர்ப் பொருளை வாங்குங்கள் என்பது அவரது ஓயாத பல்லவி. பேச்சு சுவையாக இருந்ததே தவிர, வியாபாரத்தில் அவர் சாதித்த அளவுக்கு அரசியலில் எதுவும் மிஞ்சியதாக எனக்குத் தெரியவில்லை. வியாபாரத்திலும் சிக்கல் இல்லாமலில்லை. செனட்டராக இருந்தபோதே, 2016இல், கடனுக்காகக் கலேரியாவை அரச கடன் மீட்பு அமைப்பு பொறுப்பேற்றது.

2019இல் அவர் கொண்டுவந்த மசோதா ஒன்றைத்தான் மாஸ்ரர் ரசித்திருப்பார். 2035இற்குள் பெற்றோல் வாகனங்களை ஒழித்து மின்சாரக் கார்களுக்கு மாறவேண்டும் என்பது அது. நைஜீரியாவில் வர்த்தக அளவில் முதன்முதல் எண்ணெய் கண்ட ஒலோய்பிரி கிராமம் இருப்பதே அவரது தொகுதியில். அதுவும் அவர் பிறந்த அதே 1956இல்! எண்ணெய் விற்றுப் பிழைக்கிற நாட்டுக்கு இது ஆகாது என்று சக செனட்டர்கள் மறித்தார்கள். மசோதாவை வாபஸ் வாங்கினார். பதவிக்காலமும் அந்த ஆண்டே முடிந்தது.

லாகோஸில் எனக்குக் கார் ஓட்டியவரிடம் போனில் இதைப் பற்றிக் கேட்டேன். "சரி ஐயா, கார் கரண்டில் ஓடட்டும். கரண்டுக்கு ஜெனரேற்றர், ஜெனரேற்றருக்குப் பெற்றோல். அதற்கு யார் மசோதா போடுவது?" என்றார்.