டிவி நிகழ்ச்சியின் டீசல் கணக்கு

பிரிட்டனில் ஒரு டிவி நிகழ்ச்சி எடுத்தால் பட்ஜெட்டோடு கார்பன் கணக்கும் எழுத வேண்டும். எத்தனை விமானப் பயணம், எத்தனை ஹோட்டல் அறை, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் என்று எல்லாம் அதில் வரும். இந்தக் கணக்குக்கு 'ஆல்பர்ட்' என்று பெயர். பிபிசி உருவாக்கிய கால்குலேட்டர், 2011இல் பிரிட்டனின் சினிமா, டிவி அகாடமியான பாஃப்டா கைக்குப் போனது. 2022 ஜனவரியிலிருந்து பிபிசியின் புது நிகழ்ச்சிகளுக்கு ஆல்பர்ட் சான்றிதழ் கட்டாயம்.

கொரோனாவுக்கு முன் அங்கே ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குச் சராசரியாகச் சுமார் 9 டன் கார்பன் வெளியேற்றம். பெரும்பங்கு பயணம். ஸ்டூடியோ லைட்டை எல்இடிக்கு மாற்றுவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு 'பசுமைத் தயாரிப்பு' என்று போஸ்டர் ஒட்டினால் எனக்குச் சிரிப்புதான் வரும். உள்ளூர் கேமராமேனை வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை குறையுமே!

எனக்குப் பிடித்தது 'விண்டர்வாட்ச்' செய்த வேலை. காட்டுயிர் நிகழ்ச்சி, 2021இல் அதன் நேரலைக்கு ஹைட்ரஜனில் ஓடும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார்கள். புகை இல்லை, வெளியே வருவது தண்ணீர். (நம்ம ஊர் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஜெனரேட்டர் வண்டி பக்கத்தில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.)

ஒளிபரப்பில் கதை வேறு. பிபிசி ஆய்வாளர்களே கணக்குப் போட்டுப் பார்த்ததில், மின்சாரம் அதிகம் செலவாவது டவரில் இல்லை, பார்ப்பவர் வீட்டில். டிவியும், அணைக்காமல் விட்ட செட்டாப் பாக்ஸும்தான். அதிலும் பழைய ஆன்டெனா வழியாகப் பார்ப்பதுதான் ஒரு மணி நேரத்துக்கு மிகக் குறைந்த மின்செலவு. ஸ்ட்ரீமிங் வந்ததும் ஆன்டெனாவைப் பழசு என்று கழற்றி எறிந்தோம், இல்லையா?