“சும்மாதானே இருக்கே?”: ஐம்பதில் வேலையை விட்டவரின் முதல் ஆண்டு

ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வில் வருபவருக்கு வேலையில் இருப்பவர்களுக்கு வாய்க்காத ஒரு சொத்து கிடைக்கிறது: வார நாளின் காலைப்பொழுது. அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் பெரும்பாடு. மின்வாரிய அலுவலகம், வங்கி, அத்தைக்குக் கண் மருத்துவமனை, மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல்காரர் என்று எல்லாமே “நீ சும்மாதானே இருக்கே?” என்ற கேள்வியோடு வந்து சேரும். இதில் பாதியைத் தட்ட முடியாது. ஆனால் சொந்தக் காகித வேலையும் அதோடு சேர்ந்துகொண்டால் முதல் ஆண்டு வரிசையில் நின்றே போய்விடும். அதனால் காகிதம் முதலில், பறவை பார்ப்பது, மலைநடை என்று காடு பிறகு.

தனியார் நிறுவனத்தில் இருந்தவர்களை வைத்தே சொல்கிறேன். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கோரிக்கைகள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். நம்மூர் இனிஷியல் ஆதாரில் ஒரு எழுத்தாக இருக்கும், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும், பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். பதிவில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி வேலையில் இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். வெளியே வந்த பிறகு மனிதவளப் பிரிவில் நம் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. பழைய நிறுவனங்களின் கணக்குகள் இப்போதைய கணக்கோடு சேர்ந்துவிட்டனவா, ஒரு நிறுவனத்தில் வெளியேறிய தேதி அடுத்ததில் சேர்ந்த தேதியைத் தாண்டி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசி நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதியலாம்.

பி.எஃப். பணத்தை உடனே துடைத்து எடுக்க அவசரம் வேண்டாம். 58 வயது வரை வட்டி சேரும். ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பி.எஃப்.-ஓடு சேர்ந்த பென்ஷன் பகுதிக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்றாலும் 58-க்கு முன்னால் வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுளுக்கும் தொடரும். மாதச் செலவுக்கு வேறு வழி இருப்பவர் காத்திருப்பதே நல்லது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்காகும். ராஜினாமாத் தேதியை எழுதும் முன் நாட்காட்டியை ஒருமுறை பார்ப்பது லாபம்.

வரியில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இத்தனை வருடம் சம்பளத்திலேயே பிடித்துவிட்டதால் முன்கூட்டிய வரி என்ற ஒன்றே பழக்கமிருக்காது. பிடித்தம் போக ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் தவணையாகக் கட்ட வேண்டும், தவறினால் வட்டி. புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரியில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டை விற்ற லாபம் அந்தத் தள்ளுபடிக்குள் வராது. தபால் அலுவலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். 52 வயதுக்காரருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். அவருக்கு மாத வருமானத் திட்டம் இருக்கிறது, தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் ஓய்வுக்குப் பிறகு என்று தள்ளவே கூடாது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு வைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆகவே வேலையை விட மூன்று ஆண்டுக்கு முன்பே தனிப் பாலிசி ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர், கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுவிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறக் கேட்டால் கடந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். எழுத்தில் கேளுங்கள்.

இனி வீடு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு ஆள் திடீரென்று முழுநேரமாக வந்து உட்கார்ந்தால் உரசல் வரும். மளிகைச் சாமான் டப்பாக்களை வரிசை மாற்றி அடுக்குவதில் தொடங்குவார்கள், வேண்டாம். அதற்குப் பதில் ஒரு முழு வேலையைக் கையிலெடுப்பது பலன் தரும்: காலைச் சிற்றுண்டி, அல்லது அப்பா அம்மாவின் மருந்து, மருத்துவமனை. வாரத்தில் இரண்டு காலை வெளியே போவதற்கு என்று, செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள்வோம், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நாட்காட்டியில் எழுதிவிட வேண்டும். கிழமை தெரிந்துவிட்டால் அத்தையே புதன்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொள்வார்.

நண்பர்கள் விஷயம் இதற்கு நேர்மாறு. நமக்கு வார நாள் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு ஒத்துவருவது சனிக்கிழமை அரைநாள்: ஐந்து மணிக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. “எப்போ போகலாம்?” என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அந்தப் பயணம் நடக்காது. தேதி, இடம், கிளம்பும் நேரம், ஒருவருக்கு ஆகும் செலவு ஆகியவற்றை முடிவு செய்துவிட்டு “வருபவர் வரலாம்” என்று போட வேண்டும். ஒரு காருக்கு நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்தால் மூட்டுவலிக்காரர் நடுவில் உட்கார வேண்டியிருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேடந்தாங்கல் இருக்கிறது. அதிகாலையிலும், பறவைகள் கூடு திரும்பும் மாலையிலும்தான் பார்க்க நன்றாயிருக்கும். பதினோரு மணிக்குப் போய்விட்டு ஒன்றுமில்லை என்று திரும்புபவர்கள் ஏராளம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா ஆகிய நான்கையும் அடையாளம் காணப் பழகினாலே முதல் பருவம் நிறைவாக இருக்கும். பைனாகுலர் வாங்கினால் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ. 10 மடங்கு காட்டுவது கைநடுக்கத்தையும் பத்து மடங்காகக் காட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு அந்த நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தோதானது: குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எண்ணி, பறவைப் பதிவுக்கான இ-பேர்டு செயலியில் பதிய வேண்டும். பேரப்பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிடலாம்.

மலைநடைக்கு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது பற்றிக் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. முதலில் எளிய பாதை. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே குடியம் குகைகளுக்குப் போகும் பாதை நண்பர் கூட்டத்துக்குப் பொருந்தும். கற்கால மனிதர் புழங்கிய இடம், பூண்டி அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ஐம்பது வயது முழங்கால் ஏறும்போது தாங்கும், இறங்கும்போதுதான் முறைக்கும். அதனால் ஆறு வாரம் முன்னதாகவே மாடிப்படி இறங்கிப் பழக வேண்டும், மெதுவாக, கைப்பிடியைப் பிடிக்காமல். ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் இறக்கத்தில் விரல்நுனி முட்டி நகம் கறுத்துப்போகும். ஊன்றுகோலை இறக்கத்தில் ஐந்து சென்டிமீட்டராவது நீட்டிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மழைக்காலமாக இருந்தால் அட்டைப்பூச்சிக்கு உப்பு முடிந்த துணி.

உதகை, கொடைக்கானலுக்குச் சொந்த வாகனத்தில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை; மேட்டுப்பாளையத்திலிருந்து செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையும் கிடைக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். ஜனவரி மலைநடைக்கு நவம்பரிலேயே பதிந்துவிடுங்கள்: பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீ அபாயக் காலம் என்று மலைப்பாதைகளை மூடுவது வழக்கம். மார்ச் 15 வரித் தவணைக்கு அந்த வாரங்கள் தாராளம்.