தரையில் ஒயர் கூடாது

நவம்பர் 1, சனி

ரிச்சி தெரு. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தேன். அப்பா வருவதற்குள் வீட்டின் எல்லா அறையிலும் திருநெல்வேலி வானொலி ஒன்றாகக் கேட்க வேண்டும், அதற்குத்தான். தூறலுக்குக் கடைக்காரர்கள் நீலத் தார்ப்பாயை இறக்குவதும் சுருட்டுவதுமாக இருந்தார்கள். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி இரண்டு, அதன் எண்களை ஒலியாக்கும் பிசிஎம்5102 டாக் போர்டு இரண்டு, ஒலியைப் பெருக்கும் டிபிஏ3110 ஆம்ப் போர்டு இரண்டு. ஸ்பீக்கர் வாங்கவில்லை. லாஃப்டில் கிடக்கும் பழைய ஹோம் தியேட்டரின் குட்டிப் பெட்டிகளே போதும். 4 ஓம், கோன் கிழியாதவை.

ஆம்ப் கொடுத்த கடைக்காரர், “எதுக்கு சார் இவ்ளோ வேலை? ரூமுக்கு ஒரு எஃப்எம் ரேடியோ வெச்சுடுங்க, எல்லாம் ஒண்ணாவே பாடும்” என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எரிச்சல். ஒரே அலை, எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. சர்வர் வேண்டாம், வைஃபை வேண்டாம். ஆனால் இங்கே எஃப்எம்மில் 101.4 வரும், 102.3 வரும், திருநெல்வேலி வராது. அது 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை. பகலில் வேளச்சேரி வரைக்கும் எட்டாது. இணையத்தில் கேட்டால்தான் உண்டு. இதையெல்லாம் கடையில் நின்று விளக்க முடியுமா? “ஆமாண்ணே” என்று சொல்லி பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ராஸ்பெர்ரி பையில் பின் வைக்காமல் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 40 கால். நாள் முழுக்க ஈயப் புகை.

நவம்பர் 3, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்தால் மணி ஒன்பது. டாக் போர்டில் எஸ்சிகே என்று ஒரு கால் இருக்கிறது. அதைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் சிப் தனக்கு வேண்டிய கடிகாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சேர்க்காவிட்டால் இரைச்சல், இல்லாவிட்டால் மௌனம். போர்டில் அதற்கென்று எள்ளளவு இடைவெளியில் இரண்டு புள்ளி விட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு ஈயம், முடிந்தது. மீதி மூன்று ஒயர் பையில் ஜிபிஐஓ 18, 19, 21 என்ற கால்களுக்கு. கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெர்ரி-டாக் என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்ததும் சின்ன அறையில் ஒரு ஆள் இருமினார். நிலையத்தில் யாரோ மைக்கை மூட மறந்திருக்க வேண்டும்.

இவள் எட்டிப் பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

தரையில் ஒரு ஒயர்கூட இருக்கக் கூடாது. இது மட்டும் தீர்மானம்.

வாடகை வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அறைக்கு ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதுவும் யாருக்கும் தேவைப்படாத மூலையில். சின்ன அறையில் ப்ளக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, கட்டில் எதிர்ச் சுவரில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டால் ஒயர் நடைபாதையைக் குறுக்கே வெட்டும். மிதியடிக்கு அடியில் விடலாம் என்றாள் இவள். மிதியடியே கூடாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

நிலைக்கு மேலே கேபிள் டிவிக்காரன் எப்போதோ போட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது. அது வழியாகப் போகலாம்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் அவருடைய ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. உரம் பற்றி யாரோ பேசினார்கள். தொழு உரத்தை அடியுரமாகப் போட வேண்டுமாம். அப்பா, “மழை உண்டா அங்க? தண்ணி கெட்டுதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மாத்திரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது என் ஹாலில் அதே குரல், அதே உரம், அதே அடியுரம். அரை நிமிஷம் பின்னால். இணையத்தில் வருவது அப்படித்தான். நிலையத்தில் ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி, எங்கெங்கோ சுற்றி அனுப்பி, இங்கே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு வாசிக்கிறது.

அப்பா பேச்சை நிறுத்தினார். “அங்கயும் நம்ம ஸ்டேஷன் கேக்கால?”

கேக்கு என்றேன்.

“பிந்திக் கேக்கு” என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

ங்ங்ங்ங் என்று ஒரு ரீங்காரம்.

நவம்பர் 8, சனி

ரீங்காரம் இன்னும் இருக்கிறது. ஆம்புக்குக் கொடுக்கும் 12 வோல்ட்டிலிருந்தே ஒரு கன்வர்ட்டர் வைத்து பைக்கு 5 வோல்ட் எடுத்தது மிச்சம் பிடிக்கத்தான். அதில்தான் வினையும். வைஃபை தரவு வரும்போதெல்லாம் சத்தம் கூடுகிறது, ஒரே கிரவுண்ட் வழியாக எல்லாம் ஆம்புக்குள் நுழைகிறது. பழைய மொபைல் சார்ஜர் ஒன்றைத் தேடி எடுத்து பைக்குத் தனியாகக் கொடுத்தேன். சத்தம் நின்றது. ஆனால் இன்னொரு ப்ளக், இன்னொரு ஒயர்.

நவம்பர் 9, ஞாயிறு

ஓனர் வந்தார். மோட்டார் பார்க்க வந்ததாகச் சொன்னார், பார்த்தது என்னவோ சுவரை. நான் ஆணி அடிக்கவில்லை, ஒட்டும் கொக்கிதான் போட்டிருக்கிறேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எடுக்கறப்ப பெயின்ட் வந்துரும் தம்பி” என்றார். காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது எப்படியும் நடக்கப்போகிறது, பெயின்ட் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றிருக்கிறது. அதை இவரிடம் சொன்னால் சிரிப்பார்.

போகும்போது, “ஊர்ல இருந்து ஆள் வர்றாங்களா? தண்ணி செலவாகும் பாத்துக்கங்க.”

நவம்பர் 11, செவ்வாய்

ஹாலும் சின்ன அறையும் ஒன்றாகப் பேசுகின்றன. அறைகளுக்கு நடுவே நின்று கேட்டேன், ஒரே ஆள்தான். சமையலறை மட்டும் பின்தங்குகிறது.

எல்லா அறையையும் ஒன்றாகப் பேசவைக்கும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருள் செய்வதை எழுதி வைக்கிறேன், அடுத்த மாதம் எனக்கே மறந்துவிடும். ஹாலில் இருக்கும் பழைய லேப்டாப்தான் சர்வர். எம்பிடி என்ற ப்ளேயர் வானொலியை எடுத்துக் கொடுக்க, ஸ்னாப்காஸ்ட் அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நேர முத்திரை குத்தி எல்லா அறைக்கும் அனுப்புகிறது. வந்த துண்டை யாரும் உடனே வாசிப்பதில்லை. 1000 மில்லி விநாடி காத்திருந்து, சர்வரின் கடிகாரம் சொன்ன கணத்தில் எல்லோரும் ஒன்றாக வாசிக்கிறார்கள். ஒரு பை முந்தினாலோ பிந்தினாலோ ஒலியில் ஒரு துளியை விட்டோ சேர்த்தோ சரி செய்துகொள்கிறது. சாதாரணமாக 0.2 மில்லி விநாடிக்கு மேல் பிசகாது. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போகவே 3 மில்லி விநாடி ஆகும். அதாவது வீட்டுக்குள் நான் இரண்டு அடி நகர்ந்தாலே அதைவிடப் பெரிய பிசகு.

சமையலறையில் பை இல்லை, காசு இல்லை. உடைந்த திரையோடு கிடந்த பழைய ஆண்ட்ராய்ட் போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும்தான். ஆண்ட்ராய்ட் தன் பங்குக்குத் தனியாகத் தாமதிக்கிறது. மெட்ரோனோம் டிக் டிக்கை ஓடவிட்டு, வாசலில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் போட்டு இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உயரமாக ஒரு முள், அது ஹால். கொஞ்சம் தள்ளிக் குட்டையாக ஒரு முள், சமையலறை. நடுவில் 140 மில்லி விநாடி. அந்த எண்ணை ஆப்பில் லேட்டன்சி என்ற இடத்தில் போட்டால் இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

போனை அணைத்துப் போட்டேன். 140 இல்லை, வேறு எண்.

நவம்பர் 12, புதன்

அக்கா எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அப்பாவின் கண் அழுத்தம் 28 என்றாள் அக்கா. 21க்குள் இருக்க வேண்டும். இடது பக்கம் 28, வலது பக்கத்தைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் விட்டுவிட்டோம். “சொட்டு மருந்து ஒழுங்கா விடுறாரால்லே, நான் பாக்கத்தான செய்யுதேன்” என்று என்மேல் எரிந்து விழுந்தாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

இன்று எதையும் தொடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

சின்ன அறை விட்டு விட்டுப் பேசியது. பை ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. ஆப்பில் பார்த்தால் இந்தக் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் இருக்கிற பாதி வைஃபை ஆறாம் சேனலில். சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. 11க்கு மாற்றினேன். ராத்திரி பத்து மணி வரை விக்கவில்லை. எதிர்வீட்டு மாமி, “உங்காத்துல நியூஸ் நன்னா கேக்கறது” என்றார். பாராட்டா புகாரா தெரியவில்லை. குறைத்து வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இவள் கேட்ட கேள்வி தூங்க விடவில்லை.

“வீடு பூரா ஒரே குரல் கேட்டா, மாமாவுக்கு ஹால் எது, ரூம் எதுன்னு எப்படித் தெரியும்?”

ஊர் வீட்டில் ரேடியோ அடுப்படி ஜன்னல் பலகையில் இருக்கும். எனக்குத் தெரிந்த நாளாக அதே இடம். ஒரு வருஷமாக அவர் நடமாடுவதே அந்தப் பலகையை வைத்துத்தான். முன்னால் கேட்டால் அடுப்படி. இடது காதுக்குப் பின்னால் போனால் பட்டாசல். அறவே தேய்ந்தால் வாசல் வந்துவிட்டது, படி இறங்க வேண்டும். தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன், கையைக்கூட நீட்டாமல் நடந்தார். அது ரேடியோ என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை, பழக்கம் என்று நினைத்தேன்.

இங்கே நான் செய்துகொண்டிருப்பது நேர் எதிர் வேலை. 1949இல் ஹெல்முட் ஹாஸ் எழுதிய ஆய்வு இருக்கிறது. ஒரே பேச்சு இரண்டு இடத்திலிருந்து சுமார் 30 மில்லி விநாடிக்குள் வந்தால் காதுக்கு அது ஒரே சத்தம், முதலில் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து வருவதாகவே தோன்றும். அப்படியென்றால் எந்த அறையில் நின்றாலும் குரல் அந்த அறையிலிருந்துதான் வரும். நான் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறேனோ அவ்வளவு சுத்தமாக வீட்டின் திசை அழிந்துபோகும்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹாலை மட்டும் ஓடவிட்டாள். “இப்போ பாத்ரூம்ல இருந்து வெளிய வந்தா எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியுதா?” தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லப் பார்த்தேன்.

ஆனால் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது? செய்தியில் பாதி விட்டுப்போனால் மீதியை யாரிடம் கேட்பார்? யாரிடமும் கேட்க மாட்டார், அவர் சுபாவம் அது. அதற்காகத்தானே தொடங்கினேன். ஹாலில் சத்தத்தைக் கூட்டி, மற்ற அறைகளில் முணுமுணுப்பு அளவுக்கு வைத்தால் திசையும் இருக்கும், செய்தியும் இருக்கும் என்று ஒரு யோசனை. சமையலறை போனை மட்டும் வேண்டுமென்றே பிந்தவிட்டால்? அந்தக் கரகரப்பான எதிரொலி கேட்கிற இடம் சமையலறை, அடுப்பு இருக்கிறது, ஜாக்கிரதை. அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. மணி மூன்று.

நவம்பர் 17, திங்கள்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் சர்வர் பிழைத்தது. படுக்கையறை பையின் மெமரி கார்டு போய்விட்டது, எழுந்திருக்கவே இல்லை. புதுக் கார்டில் ஓவர்லே போட்டுவிட்டேன், இனி கார்டில் எதுவும் எழுதாது, திடீரென்று அணைந்தாலும் கெடாது. சின்ன அறை பைக்கும் அதையே செய்தேன்.

கேபிள் ஓட்டை வழியாக ஒயர் இழுத்தாயிற்று. பாத்ரூம் வாசல்படி இரண்டு அங்குலம் உயரம். அதற்கு என்ன செய்வது?

நவம்பர் 18, செவ்வாய்

டாக்டர் 25ஆம் தேதி கொடுத்திருக்கிறார்.

சமையலறை இன்றைக்கு 155.

நவம்பர் 19, புதன்

அப்பாவே போன் செய்தார். ரேடியோ சத்தம் இல்லை பின்னால். “செல் தீந்து போச்சா?” என்றேன். “இல்லய்யா, அமத்தி வச்சிருக்கேன். அது இல்லாம நடந்து பாக்கேன்” என்றார். “மெட்ராஸ்ல அது இருக்காதுல்லா.”

இருக்கும்ப்பா, எல்லா ரூமிலும் இருக்கும் என்று சொன்னேன்.

“எல்லா ரூம்லயுமா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டிக்கெட் பற்றிப் பேசினார்.

நவம்பர் 20, வியாழன்

லோயர் பர்த் கிடைத்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸ். அத்தானும் கூட வருகிறார். எழும்பூர் வரை போகவா, தாம்பரத்திலேயே இறங்கவா என்று கேட்டார். தாம்பரம் என்றேன். அங்கே பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்கிறார்.