மைதானம் கொடுப்பது சபை, சத்தத்துக்குப் பொறுப்பு யார்?

சத்தம் தாங்க முடியவில்லை என்று முறைப்பாடு கொடுக்கப் போனால் மட்டக்களப்புப் பக்கம் முதலில் கேட்பது "யாருக்கு எதிரா?" என்றுதான். ஒரு பெயர் எழுத வேண்டும். அந்தப் பெயர் அநேகமாக ஒரு விளையாட்டுக் கழகமாகவோ, சனசமூக நிலையமாகவோ, கோயில் நிருவாக சபையாகவோ இருக்கும். வெள்ளம் வந்தால் சோற்றுப் பார்சல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நம் வீட்டுக்கு வருவதும் அதே பிள்ளைகள்தான். அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அதே ஒழுங்கையில் எப்படிக் குடியிருப்பது? அதனால் பலர் யன்னலைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான மைதானம் ஒன்று இருக்கிறது. எந்தச் சபை என்பது வேண்டாம், மாவட்டத்தில் உள்ள 12 உள்ளூராட்சி சபைகளிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். விழா என்றால் வாசலோடு நாலு ஒலிபெருக்கிப் பொக்ஸை அடுக்கிவிடுவார்கள், அது முழங்குகிற முழக்கத்தில் அலுமாரிக் கண்ணாடி அதிரும், முன்வீட்டில் பாரிசவாதத்தில் படுத்திருக்கிற அம்மாவின் மகள் யன்னல் இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டிச் சுருட்டி அடைப்பாள். சபையில் போய்ச் சொன்னால் "ஒலிபெருக்கி பொலிஸ் விசயம்" என்கிறார்கள். பொலிஸில் சொன்னால் "மைதானத்தைக் கொடுத்தது சபைதானே" என்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒலிபெருக்கி அனுமதி பொலிஸுடையது. தச்சுப் பட்டறை, அரைக்கும் மில் மாதிரிச் சிறு தொழில் என்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கொடுக்கிறது உள்ளூராட்சி சபை, ஆகவே அந்தச் சத்தத்துக்குச் சபை நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு ஒலி ஒழுங்குவிதிகள் அளவையே குறித்து வைத்திருக்கின்றன: மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50, பிரதேச சபை எல்லைக்குள் 55, 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், நீதிமன்றம் என்றால் 100 மீற்றருக்குள் இன்னும் கட்டுப்பாடு. இந்த விதியில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது, இது நம்மில் பலருக்குத் தெரியாது. அப்புறம் வெலிகம பள்ளிவாசல் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. விசேட விழா என்றால் விலக்கு உண்டு, ஆனால் அக்கம்பக்கத்தாரைக் கேட்டுவிட்டுத்தான். எங்கள் ஒழுங்கையில் அப்படி யாரும் வந்து கேட்டதில்லை.

வைகாசிச் சடங்கையோ விடியவிடிய ஆடுகிற கூத்தையோ நிறுத்தச் சொல்கிற ஆள் நானில்லை. வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் கேட்டுத்தான் வளர்ந்தேன், அந்தச் சத்தத்தில் யாரும் நோயாளியாகவில்லை. பிரச்சினை பொக்ஸில் இருக்கிறது, அதை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

கடைசியில் எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவர் கழகத்துப் பொடியனிடம் நேரே போய், "மனே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் வாவிப் பக்கம் திருப்பன், உள்ளுக்க அம்மா படுத்திருக்கா" என்றார். உடனே திருப்பினார்கள். அம்மா படுத்திருப்பதே தெரியாது என்றான் அந்தப் பிள்ளை, அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

இதைச் சபையே செய்யலாம் என்பதுதான் என் கோரிக்கை. சனசமூக நிலையங்களைப் பதிவு செய்வது சபை, மைதானத்தையும் மண்டபத்தையும் கொடுப்பதும் சபை. அந்த அனுமதிக் கடிதத்திலேயே பெட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், அன்றைக்கு எந்தத் தொலைபேசியில் யாரைப் பிடிக்கலாம் என்று எழுதினால் யாரும் யார் பெயரையும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை. வைப்புப் பணம் கொஞ்சம் வாங்கி, சொன்னபடி நடந்தால் திருப்பிக் கொடுக்கட்டும். ஆனால் ஆள் பார்த்துச் செய்யக் கூடாது. வெளிநாட்டு நிதியில் பெரிய நிகழ்ச்சி வைக்கிற தொண்டு நிறுவனத்துக்கும், வீடு வீடாகக் காசு சேர்த்து விழா வைக்கிற கழகத்துக்கும் நேரக் கட்டுப்பாடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 2025 மே தேர்தலில் வந்த உறுப்பினர்களில் யாராவது ஒரு கழகத்துக்குப் போசகராக இருந்தால், அந்தக் கழகத்தின் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசும்போது அவர் ஒதுங்கி நிற்க வேண்டும். யாருக்கு என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாமும் எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களுக்கு மைதானம் கேட்டு விண்ணப்பங்கள் குவியும். அதற்கு முதல் அந்தப் படிவத்தில் இந்த மூன்று வரியைச் சேர்த்துவிடுங்கள்.