விரிவாக்கம்னா ரோடா சார்?

ஆடி மாதக் கச்சான் காற்றில் எங்கள் சக்கரம் தானாகவே சுற்ற ஆரம்பித்தது. பிளைவுட் பலகையை வட்டமாக அறுத்து, பழைய சைக்கிள் வீலின் அச்சைப் பொருத்தி, பன்னிரண்டு கட்டம் போட்டுப் பெயின்ட் அடித்த சக்கரம். முள் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த எண்ணுள்ள அட்டையை எடுத்துக் கேள்வி கேட்போம். மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில், சர்ச் வாசல் வேப்பமர நிழலில் அதை நிறுத்தியிருந்தோம். ஏழாவது படிக்கும் பையன் ஒருத்தன் முன்னால் வந்தான். அவன் கை வைப்பதற்குள் சக்கரம் ஓடி நாலில் போய் நின்றுவிட்டது. நாலாவது அட்டை கொஞ்சம் கஷ்டமான அட்டை.

“நான் சுத்தல சார், காத்து சுத்துச்சு. காத்துக்கிட்டயே கேளுங்க.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அட்டையை மாற்றிக் கொடுத்தேன். அந்த ஊரில் அன்றைக்கு நடந்தவற்றில் அதுதான் உருப்படியான விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரிக்குள் நடக்கும் ஆராய்ச்சியை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதும், வெளியே இருக்கும் சிக்கலை உள்ளே கொண்டுவருவதும் எங்கள் வேலை. இரண்டாவது பாதியை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுவோம். பயிற்சி, மண் பரிசோதனை, தண்ணீர்ப் பரிசோதனை, செயல்விளக்கம் என்று எல்லாம் நடக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வருகிற முகங்கள் திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான். ‘இங்கே இப்படியெல்லாம் இருக்கிறது என்று மக்களுக்கே தெரியவில்லை, வினாடி வினா மாதிரி ஏதாவது செய்யுங்கள்’ என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் இந்தச் சக்கரம்.

முதலில் சக்கரம்கூட இல்லை. லேப்டாப், புரொஜெக்டர், நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அறுபது கேள்விகள். இந்தக் கடற்கரை வெயிலில் பகல் பத்து மணிக்குப் புரொஜெக்டரைப் போட்டால் திரையில் என்ன தெரியும் என்று யாரும் யோசிக்கவில்லை. அதை விடுங்கள். கேள்விகள்தான் பெரிய கூத்து.

‘பல்கலைக்கழக விரிவாக்கம் என்ற கருத்து 1873இல் எந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது?’ விடை கேம்பிரிட்ஜ். ‘அமெரிக்காவில் கூட்டுறவு விரிவாக்கப் பணியை ஏற்படுத்திய சட்டம் எது?’ ஸ்மித் லீவர் சட்டம். ‘இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் எங்கே, எப்போது?’ புதுச்சேரி, 1974. எல்லாம் சரியான கேள்விகள்தான், எனக்குப் பரீட்சையில் வந்தவை. அதைக் கொண்டுபோய் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? வலையைப் பின்னுவார். ஒரு ஊரில் நாலு கேள்வி தொடர்ந்து யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது கேள்விக்கு ஒரு பெரியவர் எழுந்து, “எல்லாத்துக்கும் ‘இ’ன்னு போட்டுக்கங்க தம்பி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உச்சிப்புளிப் பக்கம் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மதுரை ராமேஸ்வரம் ரோட்டை ஒட்டிய ஊர். வண்டியில் ‘விரிவாக்கப் பிரிவு’ என்று பெரிய பேனர் கட்டியிருந்தோம். இறங்கி மேஜை போடுவதற்குள்ளேயே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இத்தனை கூட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. முதல் வரிசையில் இட்லிக்கடை அக்கா, கையில் கரண்டியோடு. அவர் பக்கத்தில் ஒரு தாத்தா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் மைக்கை எடுத்து, “விரிவாக்கம் என்றால் என்ன, யாராவது சொல்ல முடியுமா?” என்று ஆரம்பித்தேன்.

அக்காதான் கேட்டார். “விரிவாக்கம்னா ரோடா சார்? இந்தப் பக்கம் எத்தனை அடி போகும்?”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. தாத்தா மஞ்சள் பையைத் திறந்து பட்டா நகல், வீட்டு வரி ரசீது, பழைய கரண்ட் பில் எல்லாவற்றையும் எங்கள் கேள்வி அட்டைகள் மேலேயே பரப்பினார். “எல்லாம் முறையா இருக்கு தம்பி, பாத்துக்கங்க” என்றார். ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ரப்பர் பேண்ட் உருகி ஒரு ரசீதோடு ஒட்டிப்போயிருந்தது.

சாலை விரிவாக்கம், பேருந்து நிலைய விரிவாக்கம், விமான நிலைய விரிவாக்கம். பேப்பரில் வருகிற விரிவாக்கம் எல்லாம் இவைதான். அந்த வார்த்தை ஓர் ஊருக்குள் வந்தால் எதையோ இடிக்கப் போகிறார்கள் என்று பொருள். நாங்கள் இத்தனை வருஷமாக அதைப் பேனராகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறோம். வண்டியைப் பார்த்ததும் மக்கள் ஒதுங்குவதை ‘ஆர்வமின்மை’ என்று அறிக்கையில் எழுதிய ஆட்களில் நானும் ஒருத்தன்.

அன்றைக்கு வினாடி வினா நடக்கவில்லை. தாத்தாவின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பையில் திரும்ப வைத்துக் கொடுத்து, நாங்கள் யார் என்று சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அக்கா இட்லி கொடுத்தார், காசு வாங்கவில்லை. வீடு போகவில்லை என்ற நிம்மதிக்காக இருக்கலாம்.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். மேலே ‘தப்பான விடைகள்’ என்று எழுதினேன். சரியான விடைக்கு மார்க் போட அறிக்கைப் படிவம் இருந்தது, தப்பான விடையைக் குறித்துக்கொள்ள எங்கேயும் இடம் இல்லை. முதல் வரி: ‘விரிவாக்கம் = ரோடு.’

கேள்விகளையும் மாற்ற ஆரம்பித்தோம். முதல் கேள்வி எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ‘மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள்?’ அறுபத்தொன்று என்று குழந்தைகள்கூடக் கத்தும். ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை அடுப்பு எப்படி எரியும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? வாய் திறந்துவிட்டால் அப்புறம் பேச்சு தானாக வரும். பேராசிரியருக்கு வரலாற்றுக் கேள்விகளை விட மனசில்லை. அதற்கும் வழி கிடைத்தது. ‘பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்த அதே வருஷம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, பல்கலைக்கழக ஆட்களை விவசாயி வீட்டு வாசலுக்கே அனுப்பியது. எந்த வருஷம்?’ 2025இல் புதுப் பாலம் திறந்ததிலிருந்து பழைய பாலத்தின் வயசு எல்லாருக்கும் மனப்பாடம். 1914 என்று டக்கென்று வரும். ஸ்மித் லீவர் என்ற பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ‘அங்கேயும் நம்ம பாலம் வயசுதான் சார்’ என்று ஒருத்தர் சொன்னார். எனக்கு அது போதும்.

திருவாடானைப் பக்கம் நெல் விவசாயிகளிடம் ‘அண்ணா 4’ பற்றிக் கேட்டோம். வறட்சியைத் தாங்கும், நூறு நாளைச் சுற்றி அறுவடைக்கு வரும் ரகம், 2009இல் வெளியானது. எல்லாரும் ‘அண்ணா நாலு’ என்று சர்வ சாதாரணமாகப் பேசினார்கள். அது எங்கே பிறந்தது என்றால் கோயம்புத்தூர் என்றார்கள், ஒருத்தர் ஆந்திரா என்றார், ஒருத்தர் விதைக்கடைக்காரர் பெயரைச் சொன்னார். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்றதும், “நம்ம பரமக்குடியா?” என்று கேட்டவரின் குரலில் ஒரு கோபம் இருந்தது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்ற கோபம். நோட்டில் அதையும் எழுதினேன்.

அங்கேதான் இன்னொரு பெரியவர், ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தின் அட்டைக்கு நாங்கள் நாலு விடைகளைப் படிக்கும் முன்பே “ரேடியோ நெல்லு” என்றார். அறுபதுகளில் வானொலிப் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் அது பரவியது, அதனால் அந்தப் பெயர். இவருக்கு எப்படித் தெரியும்? அவர் அப்பா கோடை அறுப்புக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்வருவாராம். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் ரேடியோவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருப்பார்களாம், கூலிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி. “எங்கப்பா கேட்டாரு. ஆனா விதை எங்களுக்கு வர்றதுக்கு ரொம்ப வருசமாச்சு.” எங்கள் பாடப் புத்தகத்தில் ரேடியோ நெல் ஒரு வெற்றிக் கதை. தள்ளி உட்கார்ந்து கேட்டவர் அதில் இல்லை.

கடல் பாசி எடுக்கும் பெண்களிடம் தோற்றதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுப்பவர்கள். சிலர் இப்போது தெப்பத்தில் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். எங்கள் அட்டை: ‘12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் கட்டிய பாசி எத்தனை நாளில் அறுவடைக்கு வரும்?’ விடை 45. ஒரு அக்கா எழுந்தார்.

“யாரு சொன்னா?”

“ஆராய்ச்சி சொல்லுதுக்கா.”

“வடகடல்லயா தென்கடல்லயா?”

வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. அட்டையில் அது இல்லை.

“கச்சான் அடிக்கும்போது தென்கடல்ல தெப்பம் நிக்குமா? அடியில வலை கட்டலன்னா ஓரா மீனு வந்து மேஞ்சிட்டுப் போயிரும். அப்புறம் நாப்பத்தஞ்சு நாள்ல கயிறுதான் இருக்கும். கயித்தை அறுவடை பண்ணலாம்.”

அதற்குமேல் ஒரு மணி நேரம் அவர்கள் கேட்டார்கள், நாங்கள் விடை சொன்னோம். பாதிக்கு மேல் தப்பு. பரிசு கொடுக்கும் நேரம் வந்தது. நாங்கள் கொண்டுபோனவை காய்கறி விதைப் பாக்கெட்டுகள். கத்தரி, வெண்டை, கீரை. அந்த அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எங்க போடுறது? கடல்லயா?” என்றார். அவர்கள் குடிசைகளைச் சுற்றி வெறும் மணல். அடுத்த தடவையிலிருந்து பாலிதீன் உறையில் போட்ட சின்ன டார்ச் லைட் கொண்டுபோனோம்.

ஒரு கேள்வியை மட்டும் எடுத்துவிட்டது சரியா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. ‘இது யாருடைய நிறுவனம், பல்கலைக்கழகமா, மத்திய அரசா, மாநிலத் துறையா?’ என்ற கேள்வி. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போய்விட்டது, மண்டபத்தில் மண்டல நிலையம் இருக்கிறது. கடல் விறால் மீனைத் தூண்டல் முறையில் முட்டையிட வைத்தது அங்கேதான், 2010இல். இதை எங்கள் பல்கலைக்கழகம் செய்ததாக நினைத்து ஒரு இளைஞர் எனக்கு வணக்கம் வைத்தார். இல்லை, அது வேறு என்று விளக்கினேன். “யாரா இருந்தா என்ன சார், குஞ்சு கிடைக்குமா கிடைக்காதா?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்காக அட்டையை எடுத்துவிட்டோம். ஆனால் தப்பான ஆபீசுக்குப் போய் நின்றால் ஒரு நாள் கூலி போகிறதே? மக்கள் எங்களை எல்லாம் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். பாசி சார், மிளகாய் சார், மீன்குஞ்சு ஆபீஸ். எந்தக் கதவு எதற்கு என்று சொல்லிக்கொடுக்கத் தகுந்த கேள்வி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் பன்னிரண்டாவது கட்டத்தில் ‘எங்க ஆபீசுக்கு வர எந்த ஸ்டாப்பில் இறங்கணும்?’ என்று ஒரு கேள்வி வைத்தோம். பேனரில் ‘விரிவாக்க’த்தை அடித்துவிட்டு ‘மண், தண்ணி, பயிர், பாசி: வந்து கேளுங்க’ என்று எழுதினோம். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க எப்படி எடுத்துவர வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு தடவை கழுவி, அப்புறம் பிடிக்க வேண்டும். ‘பாட்டிலை எதால் கழுவணும்?’ என்றால் சோப்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நோட்டில் அதற்கு மட்டும் ஒரு பக்கம்.

போன மாதம் ஒரு மதியம், உச்சிகாலத்தில், திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா ஆபீசுக்குள் வந்தார். கையில் ஒரு லிட்டர் பாட்டில், மூடிமேல் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது. சேலைத் தலைப்பு வேர்வையில் நனைந்திருந்தது. சோப்பு போடவில்லை, கிணற்றுத் தண்ணியிலேயே ரெண்டு தரம் அலசினேன் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். தென்னங்கன்று நுனி கருகுதாம். நாற்காலியைப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். முழு செம்பையும் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஏந்தம்பி, அந்தச் சக்கரத்துல ஒரு கேள்வி தப்பா வச்சிருக்கீங்க.”

“எது ஆத்தா?”

“நீங்க சொன்ன ஸ்டாப்புல பஸ்ஸு நிக்காது. கண்டக்டர் என்னைய அடுத்த ஸ்டாப்புல இறக்கிவிட்டான். அங்கயிருந்து இந்த வெயில்ல நடந்தே வாரேன்.”

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை தப்பான விடை எங்களுடையது. பாட்டிலில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி ஒட்டி உள்ளே அனுப்பிவிட்டு, பன்னிரண்டாவது அட்டையை எடுத்து, ஸ்டாப் பெயரை அடித்து, எங்கே நிற்கும் என்று அவரிடமே கேட்டு எழுதினேன்.