செஸ்னா 172: சிமுலேட்டரில் பழகியதில் எது விமானத்தில் நின்றது, எதை மாற்ற வேண்டியிருந்தது

எடுத்துக்கொண்டது செஸ்னா 172எஸ். பயிற்சி விமானமாக உலகெங்கும் கிடைப்பது. எக்ஸ்-பிளேன் 12, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற கணினி சிமுலேட்டர்கள் இரண்டிலுமே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். யோக் (கையால் பிடிக்கும் கட்டுப்பாடு), த்ராட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைப்பது), ரடர் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிப்பது), 27 அங்குலத் திரை, இவ்வளவு போதும். பணம் குறைவென்றால் இரண்டாவது திரையை விடுங்கள், பெடலை விடாதீர்கள். ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரடர் கொடுத்துப் பழகியவருக்கு விமானத்தில் ஏறியபின்தான் தனக்குக் கால் இருப்பதே நினைவுக்கு வரும்.

முதலில் மெனுவுக்குள் போய் ஆட்டோ-ரடர், ஆட்டோ-மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையைத் தானே சரிசெய்வது) போன்ற உதவிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். யோக்கின் டெட்-ஸோன் (அசைத்தாலும் விளைவில்லாத நடுப்பகுதி) 2 சதவீதம் அளவில் இருக்கட்டும். அதிகம் வைத்தால் நடுவில் ஒரு செத்த இடம் உண்டாகி, கை தேவைக்கு மேல் அசையப் பழகிவிடும். வெப்பநிலையையும் மாற்றுங்கள். சிமுலேட்டரின் 'நல்ல வானிலை' பெரும்பாலும் 15 டிகிரி. கோடையில் நம்மூர் ஓடுபாதையில் 38 டிகிரி சாதாரணம். அந்த 15-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி என்று கணக்கிட்டால், கடல்மட்டத்தில் நிற்கும் விமானமே 2,800 அடி உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். அதைத் திரையில் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

டாக்ஸியிலேயே, அதாவது தரையில் உருண்டு போகும்போதே, முதல் வித்தியாசம் தெரிந்துவிடும். தரையில் திருப்புவது பாதம், யோக் அல்ல. புதியவர் எல்லாரும் கார் ஸ்டியரிங் போல யோக்கைத் திருப்புவார்கள், விமானம் அதுபாட்டுக்கு நேரே போகும். குதிகால் தரையில் இருக்க வேண்டும். பாதத்தை மேலே ஏற்றினால் தெரியாமலே பிரேக் அழுந்தும்.

ரன்-அப் சோதனைக்கு (பறக்குமுன் எஞ்சினைச் சோதிப்பது) சிமுலேட்டர் அப்படியே பொருந்துகிறது: 1800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழற்சி), ஒரு மேக்னெட்டோவில் (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு கருவிகளில் ஒன்று) இறக்கம் 150-க்குள், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-க்குள். செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லி, சுவிட்சைத் தொட்டுப் பழகினால் விமானத்தில் அந்தப் பத்து நிமிடம் மிச்சம். எரிபொருள் சோதனை மட்டும் திரையில் வராது. 172எஸ்ஸில் வடித்துப் பார்க்க 13 இடங்கள்: இறக்கைக்கு ஐந்து, எஞ்சின் பக்கம் அடியில் மூன்று. விமான எரிபொருளான 100எல்எல் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் கோப்பையின் அடியில் தனியாகத் தங்கும்.

டேக்-ஆஃபில் முழு பவர் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது கால் வேண்டும். 55 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் மூக்கைத் தூக்கி, 74 நாட்டில் ஏற்றம். ஏறும்போதும் வலது காலை விடக்கூடாது. சிமுலேட்டரில் விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து நகர்வது கண்ணுக்குத் தெரியும். விமானத்தில் உடம்பே ஒருபக்கம் சரிவதை இருக்கை சொல்லும். அந்த உணர்வு வராதவரை கண் பந்தை விட்டு நகராது.

உண்மையான தொல்லை ட்ரிம்மில்தான், அதாவது கையில் யோக்கின் பாரத்தைப் போக்கும் சக்கரத்தில். விமானத்தில் யோக்கைத் தேவையான இடத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருட்டுகிறோம். கையில் இருக்கும் பாரம் குறைந்து பூஜ்யமாகிறது. யோக் இருந்த இடத்திலேயே நிற்கிறது. வீட்டு யோக்கில் ஸ்பிரிங் இருப்பதால் நடு எப்போதும் ஒரே இடம். அங்கே ட்ரிம் செய்யச் செய்ய, கையை அதே வேகத்தில் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் நேர் எதிர். சிமுலேட்டரில் பழகியவர் நிஜ விமானத்தில் ட்ரிம் சக்கரத்தால் விமானத்தை ஓட்டப் பார்ப்பார்; உயரம் மேலும் கீழும் அலைபாயும். வரிசை மாறாமல் இருக்க வேண்டும்: மூக்கின் நிலை, பவர், வேகம் நிலைக்கக் காத்திருத்தல், அதற்குப் பிறகே ட்ரிம். கையை இரண்டு விநாடி எடுத்துப் பார்த்து, மூக்கு நகர்ந்தால் இன்னும் பாக்கி இருக்கிறது.

அடுத்தது கண். திரையில் வெளியுலகம் சின்னது, கருவிகள் தெளிவு. அதனால் பார்வை ஆல்டிமீட்டரிலேயே குடியிருக்கும். வெளியே பார்த்துப் பறக்கும்போது கவனத்தில் 90 சதவீதம் வெளியே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விமானத்துறை எஃப்.ஏ.ஏ.வின் கையேடு. மருந்து எளிது: ஒரு காகிதத்தால் திரையில் கருவிப் பகுதியை மூடி, அடிவானமும் எஞ்சின் சத்தமும் வைத்து ரன்வேயைச் சுற்றி ஒரு சுற்று பறந்து பாருங்கள். டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிரே பறக்கும் பகுதி) 1,000 அடி, ஏறக்குறைய 90 நாட், ரன்வே முனைக்கு நேரே வந்ததும் 1500 ஆர்பிஎம், பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) 10 டிகிரி, பேஸில் (ரன்வேக்குக் குறுக்காகப் பறக்கும் பகுதி) 20, ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கும் பகுதி) 30, வேகம் 65. இந்த வரிசை சிமுலேட்டரில் மனப்பாடமானால் விமானத்தில் மூளைக்கு இடம் கிடைக்கும்.

ஃபிளேரை (தரை தொடுமுன் மூக்கை நிமிர்த்துவதை) மட்டும் சிமுலேட்டரில் கற்க முயல வேண்டாம். 27 அங்குலத் திரையை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் உண்மை அளவில் தெரிவது சுமார் 53 டிகிரி. தரை எழும்பி வருவதைச் சொல்வது ஓரப் பார்வை. அது திரைக்கு வெளியே போய்விட்டது. கோணத்தை விரித்தாலோ தூரமும் வேகமும் பொய்யாகும். விஆர் கண்ணாடி ஓரளவு உதவும். விமானத்தில் 10 முதல் 20 அடிக்குள் மூக்கை நிமிர்த்தத் தொடங்கி, பார்வையை ரன்வேயின் மறுகோடிக்கு அனுப்பி, உட்கார விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிமுலேட்டர் வெல்லும் இடம் ஆபத்து. 500 அடியில் மிக்ஸ்சரை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள். திகைப்புக்காக நான்கு விநாடி சும்மா இருங்கள். பிறகு ரன்வேக்குத் திரும்பப் பாருங்கள். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தாங்காது) 48-லிருந்து 57 நாட்டுக்கு ஏறுகிறது. எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கும் கிளைடு வேகமோ 68. இடைவெளி எவ்வளவு சின்னது என்பது புரியும். நேரே முன்னால் இறங்கச் சொல்வதன் காரணமும் புரியும். இதை இன்ஸ்ட்ரக்டர் விமானத்தில் செய்துகாட்ட மாட்டார்.

மணிக்கணக்கு விஷயத்தில் ஏமாற வேண்டாம். எஃப்.ஏ.ஏ. தனியார் பைலட் உரிமத்தின் 40 மணியில் 2.5 மணியைச் சிமுலேட்டரில் கழிக்க விடுகிறது. அதுவும் ஒப்புதல் பெற்ற கருவியில், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தால்தான். வீட்டுக் கணினி எண்ணிக்கையில் பூஜ்யம்.

குறுக்குக் காற்றுக்கு 5 நாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றலாம்; 172எஸ்ஸில் சோதித்துக் காட்டிய அளவு 15 நாட். டயர் உராய்வைத் திரையில் நம்ப முடியாது, வரிசையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: ஃபிளேர் வரை மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வந்து, காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரடரால் மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கச் சக்கரத்தை முதலில் தொடவைத்து, தரையில் ஓடும்போதும் எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை, யோக்கைத் திருப்பி அசைப்பது) காற்றுப் பக்கமே முழுக்கத் திருப்பி வைக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.