ஸ்டேடியம் மேனேஜரின் கணக்கு வழக்கு

ஸ்டேடியம் நிர்வாகி என்றதும் கோட்டு சூட்டோடு விஐபி பாக்ஸில் கைகுலுக்கும் ஆள்தான் பலர் கண்ணுக்குத் தெரிவார். ஆனால் அந்த நாற்காலிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் டிக்கெட் கவுன்டரிலோ, கேட்டிலோ, ராத்திரியோடு ராத்திரியாகக் கூடைப்பந்துத் தரையைப் பிரித்து மேடை போடும் ஆட்களோடோ தொடங்கியவர்கள். பிறகு நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு, ஆபரேஷன்ஸ், துணைப் பொது மேலாளர் என்று படியேறுவார்கள். மார்க்கெட்டிங் வழியாக நேரே மேலே வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் உதைப்பது கேட் கணக்கு.

பிரிட்டனில் 'கிரீன் கைடு' என்று சொல்லப்படும் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு டர்ன்ஸ்டைலுக்கு (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் கேட்) மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கு வைக்கக் கூடாது என்கிறது. 12,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட 19 டர்ன்ஸ்டைல் போதும். காகிதத்தில் சரிதான். ஆனால் ஜனம் சீராக வராதே! மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8,000 பேர், கடைசி அரை மணியில் வந்து சேர்கிறார்கள் என்று வையுங்கள். அந்த 19 டர்ன்ஸ்டைலும் சேர்ந்து அரை மணியில் 6,270 பேரைத்தான் விடும். ஆட்டம் தொடங்கும்போது 1,730 பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே எழும் ஆரவாரம் அவர்கள் காதில் விழும். தள்ளுமுள்ளு அங்கேதான் பிறக்கிறது. ஒன்று, 25 டர்ன்ஸ்டைல் வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தை 15 நிமிடம் தள்ளிவைக்கச் சொல்லும் தைரியம் வேண்டும். பதவி உயர்வுக்கான நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

1989-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து ஸ்டேடியத்தில், லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க வந்த 10,100 பேருக்கு இருந்தவை 7 டர்ன்ஸ்டைல்கள். மேலே சொன்ன வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வெளியே நெரிசல் முற்றியதும் பெரிய கேட் ஒன்றைத் திறந்தார்கள். ஆனால் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குப் போகும் சுரங்கவழியை அடைக்கவில்லை. வந்த கூட்டம் நேரே அதற்குள் போனது. 97 பேர் இறந்தார்கள்.

வெளியேறும் வழிக்கும் இதே வழிகாட்டியில் எண் இருக்கிறது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66. அதிகபட்சம் 8 நிமிடம். 1.2 மீட்டர் படிக்கட்டு ஒன்று அந்த நேரத்தில் 633 பேரைத்தான் வெளியே விடும். நடுவில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி நின்றால் அந்தக் கணக்கும் போச்சு.

ஊரோடு உறவு என்பதை ரிப்பன் வெட்டுவதாகவும், நாலு அறக்கட்டளைகளின் குழுவில் பெயர் போடுவதாகவும் நினைக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரருக்கு வேண்டியது வேறு: ஆட்ட நாளில் அவர் வாசலை மறித்து யாரும் வண்டி நிறுத்தக் கூடாது, மறுநாள் காலை குப்பை கிடக்கக் கூடாது, புகாருக்குக் கொடுத்த எண்ணை அந்த நேரத்தில் ஒருவர் எடுக்க வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் அடிக்கும் எண் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஆட்ட நாளில் மிஞ்சும் சாப்பாட்டை ஊருக்குக் கொடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்க விதிப்படி சமைத்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்தில் இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கு. ஆழமான அண்டாவில் அப்படியே மூடி வைத்தால் நடுப்பகுதி ஆறாது. அகலமான தட்டங்களில் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும்.

பேரிடர் வந்தால் ஊரே ஸ்டேடியத்துக்குள் வரும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்தார்கள். கூரையின் மேலுறை பிய்ந்தது, ஊர் மின்சாரம் போனது. அவசர ஜெனரேட்டர் குறைந்த வெளிச்சத்துக்கே போதுமானதாக இருந்தது. குளிர்சாதனம் இல்லை, கழிவறைகள் நிரம்பி வழிந்தன. அரங்கை நடத்திய எஸ்.எம்.ஜி. நிறுவனத்தின் டக் தார்ன்டன் புயலின்போது உள்ளேயே இருந்தார். பிறகு சீரமைப்பையும் முன்னின்று நடத்தினார். 2006 செப்டம்பர் 25-ல் அங்கே மறுபடி ஆட்டம் நடந்தது.

உங்கள் அரங்கு தஞ்சம் தரும் இடமாகப் பட்டியலில் இருந்தால், ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது, தண்ணீர் பம்புக்கும் கழிவுநீர் பம்புக்கும் அதிலிருந்து இணைப்பு இருக்கிறதா, டீசல் லாரி நிற்கும் இடத்திலிருந்து குழாய் எட்டுமா என்று இறங்கிப் போய்ப் பாருங்கள். மாதாமாதம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவதும் சோதனை ஆகாது. லோடு இல்லாமல் ஓடினால் எரியாத டீசல் புகைபோக்கியில் கரிப்பிசினாகப் படியும். ஜெனரேட்டரின் திறனில் குறைந்தது 30 சதவீத மின் லோடு கொடுத்து 30 நிமிடம் ஓட்ட வேண்டும்.